வீட்டுக்குள் கண் திறக்காத பூனைக்குட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரண், பீரோவின் பின்புறம், மாடிப்படிக்குக் கீழே போட்டு வைத்த பழைய அட்டைப்பெட்டி, துணி மூட்டை, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு. இருட்டாக, காய்ந்ததாக, ஆள் நடமாட்டம் குறைவாக ஒரு மூலை கிடைத்தால் தெருப்பூனைக்குப் பிரசவம் பார்க்க அது போதும். நம் ஊர் வெப்பத்தில் கிட்டத்தட்ட ஆண்டு முழுக்க இது நடக்கிறது. மெல்லிய கீச்சுக் குரல் கேட்டுத் தேடிப் பார்த்தால் கண் மூடிய ஒரு குட்டி கிடக்கும். வீட்டில் எல்லாருக்கும் மனசு துடிக்கும், யாராவது ஒருவர் பால் காய்ச்சப் போய்விடுவார். தயவுசெய்து அடுப்பை அணைத்துவிட்டு இதைப் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது தாய் வருகிறதா என்று. அடுத்தது குட்டியின் உடல் சூடு. பால் அதற்கும் பிறகுதான்.

பீரோவுக்குப் பின்னால் ஒரே ஒரு குட்டி கிடக்கிறது. தாயைக் காணோம். அநாதைதானே?

பெரும்பாலும் இல்லை. பூனை ஒரு ஈற்றில் பொதுவாக மூன்று முதல் ஐந்து குட்டி வரை போடும். ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தால், தாய் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது என்றே முதலில் எண்ணுங்கள். வாயில் கவ்வி ஒவ்வொன்றாகத்தான் அதனால் தூக்கிப் போக முடியும். நீங்கள் பார்த்தது அது முதலில் கொண்டுவந்து வைத்த குட்டியாகவும் இருக்கலாம், கடைசியாக எடுத்துப் போக வேண்டிய குட்டியாகவும் இருக்கலாம். பூனை ஏழு வீடு மாற்றும் என்று பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கும், பழக்கம் உண்மை. சத்தம், வெளிச்சம், வேறு கடுவன் பூனையின் வாடை, மனித நடமாட்டம் எது உறுத்தினாலும் அது இடம் மாற்றும்.

முதலில் குட்டியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, வயிறு உருண்டையாக, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் சற்று முன்புதான் பால் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். அடுத்து, பூனை உள்ளே வந்த வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி நாம் சாத்திய ஜன்னலோ, பூட்டிய பின்கட்டுக் கதவோதான் பல வீடுகளில் தாயையும் குட்டியையும் பிரித்துவிடுகிறது. அதைத் திறந்து வையுங்கள். விளக்கை அணையுங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள். நாய் இருந்தால் வேறு அறையில் கட்டுங்கள்.

இரண்டு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் வரை பொறுக்கலாம். குட்டி சில்லிட்டுப் போனாலோ, விடாமல் கத்தினாலோ, எறும்பு மொய்த்தாலோ, காயம் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே எடுங்கள்.

நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறோம். தாய் வரவே இல்லையே?

நீங்கள் அங்கே இருப்பதால்தான் வரவில்லை. தெருவில் வளர்ந்த பூனை, மனிதர் கண்பட்டிருக்கும்போது தன் குட்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்காது. ஜன்னல் விளிம்பில் வந்து நின்று, உங்களைப் பார்த்ததும் திரும்பிப் போயிருக்கும்.

கேமரா இல்லாத வீட்டில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. குட்டி இருக்கும் பெட்டியைச் சுற்றி ஒரு முழம் தள்ளி, கல்மாவுக் கோலப்பொடியை மெல்லிசாக ஒரு வளையமாகத் தூவுங்கள். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வந்துவிடும். காலையில் பார்த்தால் வளையத்தின் ஒரு பக்கம் கலைந்து, நான்கு விரல் பதிந்த சிறு பாதங்கள் தரையில் வெள்ளையாகப் போயிருக்கும். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் தடத்தில் நகக்கீறல் இருக்காது. தடம் வந்துபோயிருக்கிறது, குட்டியின் வயிறும் நிறைந்திருக்கிறது என்றால் உங்களுக்கு வேலையே இல்லை.

தாய்க்குச் சோறு வைக்க நினைத்தால் குட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த வாடைக்குக் கடுவன் பூனை வரும், சில சமயம் குட்டியைக் கொன்றுவிடும். பெட்டியிலிருந்து தள்ளி, தாய் வரும் வழியில் தண்ணீரும் மீன் கலந்த சோறும் வைத்தால் போதும்.

கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்கிறார் மாமியார்.

பூனை விஷயத்தில் அந்தப் பயம் தேவையில்லை. மனித வாடைக்காகத் தாய்ப்பூனை தன் குட்டியை விட்டுவிடாது. ஆனால் மாமியார் சொல்வதன் பலன் நல்லதுதான். அடிக்கடி எடுத்துக் கொஞ்சினால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினால், தாய் மிரண்டு இடம் மாற்றும். மாற்றுகிற வழியில் குட்டி தவறிப் போகலாம். அவசியத்துக்குத் தொடுங்கள், வேடிக்கைக்கு வேண்டாம்.

இன்னொன்று. தாய் பிடரியைக் கவ்வித் தூக்குகிறதே என்று நாமும் அப்படித் தூக்கக் கூடாது. கவ்வியதும் குட்டி கைகால் மடக்கி அசையாமல் தொங்கும். குட்டி ஒன்றும் செய்வதில்லை, எல்லாம் தாயின் பொறுப்பு என்று இதைக் காட்டித்தான் தென்கலை வைணவர்கள் சரணாகதிக்குப் பூனைக்குட்டியை உவமை சொன்னார்கள். எவ்வளவு அழுத்திக் கவ்வ வேண்டும் என்று தாயின் வாய்க்குத் தெரியும், நம் விரலுக்குத் தெரியாது. உள்ளங்கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து எடுங்கள்.

பிறந்து எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொப்புளைப் பாருங்கள். காய்ந்த கறுப்பு நூல் போல ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் பிறந்து நான்கைந்து நாளுக்குள். அதைப் பிடித்து இழுக்காதீர்கள், தானாக உதிரும். கண் மூடி, காது தலையோடு மடிந்திருந்தால் முதல் வாரம். கண் திறப்பது ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள். இரண்டு கண்ணும் ஒரே நாளில் திறக்க வேண்டும் என்பதில்லை, விரலால் திறந்துவிடவும் கூடாது. மூன்றாம் வாரம் தள்ளாடி நடக்கும், முன்பற்கள் முளைக்கும். நான்காம் வாரம் விளையாடத் தொடங்கும்.

சமையலறைத் தராசு இருந்தால் எடை போடுங்கள். பிறந்த குட்டி சுமார் 90 முதல் 110 கிராம் இருக்கும். நன்றாக வளரும் குட்டி தினமும் 10 முதல் 15 கிராம் கூடும். ஒரு நாள் முழுக்க எடை ஏறவில்லை என்றாலோ, இறங்கினாலோ, குட்டி பார்க்கத் தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

குட்டி சில்லென்று இருக்கிறது, அசைவு குறைவு. உடனே பால் கொடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. நடுங்குவதற்குக்கூட முதல் வாரத்தில் அதனால் முடியாது. தாயும் கூடப் பிறந்தவையும்தான் அதற்குச் சூடு. முதல் வாரத்தில் அதன் உடல் வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் குடல் வேலை செய்வதை நிறுத்திவிடும். அப்போது உள்ளே போகும் பால் செரிக்காமல் தேங்கும். விழுங்கும் சக்தியும் குறைந்திருப்பதால் பால் நுரையீரலுக்குப் போகும். அன்போடு ஊட்டிய பாலே குட்டியைக் கொல்வது இப்படித்தான். சென்னை வெயிலில் என்ன குளிர் என்று கேட்காதீர்கள். மொசைக் தரையும் மின்விசிறியும் ஏசியும் 100 கிராம் உடம்புக்குப் பனிக்காலம்தான்.

சுண்டுவிரலைச் சுத்தமாகக் கழுவி, குட்டியின் வாய்க்குள் மெதுவாக வைத்துப் பாருங்கள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தால் முதல் வேலை சூடேற்றுவது. சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பத்திரமான ஹீட்டர் கிடையாது. பிறகு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறுபாதி காலியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும். அசையவே முடியாத குட்டியாக இருந்தால் நீங்கள்தான் அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகச் சூடேறினால் போதும். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையர் அடிப்பது, குண்டு பல்பை மூக்குக்கு நேரே தொங்கவிடுவது எல்லாம் ஆபத்து.

பசும்பால் கொடுத்தால் என்ன? கிராமத்தில் எல்லாரும் அதைத்தானே ஊற்றுகிறார்கள்?

வளர்ந்த பூனைக்கு ஊற்றுவது வேறு, பிறந்த குட்டிக்கு ஊற்றுவது வேறு. பூனைப்பாலில் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு புரதம் இருக்கிறது. பசும்பால் குட்டியின் வளர்ச்சிக்குப் போதாது, அதோடு பல குட்டிகளுக்குப் பேதியும் ஆகும். இவ்வளவு சின்ன உடம்புக்குப் பேதி என்றால் சில மணி நேரத்தில் நீர் வற்றிவிடும். ஆட்டுப்பால் கொஞ்சம் பரவாயில்லை என்பார்கள், தனியாக அதுவும் போதாது. குழந்தைகளுக்கான பால்மாவும் இதற்கு ஏற்றதல்ல.

செல்லப்பிராணிக் கடைகளிலும் கால்நடை மருத்துவரிடமும் பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு கிடைக்கும். கிட்டன் மில்க் ரீப்ளேசர் என்று கேளுங்கள், சுருக்கமாகக் கேஎம்ஆர் என்பார்கள். டப்பாவில் சொன்ன அளவில் கலக்குங்கள். கெட்டியாகக் கலந்தால் மலம் இறுகும், நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது. ராத்திரி கடை இல்லை என்றால், லாக்டோஸ் நீக்கிய பால் பாக்கெட்டை வைத்து விடியும் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

எப்படி ஊட்டுவது? எவ்வளவு? எத்தனை தடவை?

ஊசி எடுத்துவிட்ட ஒரு மி.லி. அல்லது இரண்டு மி.லி. சிரிஞ்ச் மருந்துக்கடையில் கிடைக்கும். பாலை வெதுவெதுப்பாக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. குட்டியை ஒரு துண்டின் மேல் குப்புற விடுங்கள். தாயின் மடியில் அது எப்படிப் படுத்துக் குடிக்குமோ அதே நிலை, தலை மட்டும் லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். நம் குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி மல்லாக்கப் போட்டு ஊட்டவே கூடாது. பால் நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

சிரிஞ்ச் நுனியை வாயின் ஓரமாக உள்ளே விட்டு, ஒரு சொட்டு நாக்கில் விடுங்கள். குட்டி நாக்கைக் குழித்து நுனியைப் பற்றிக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்ததும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு மிடறுக்கும் அதன் காது இரண்டும் முன்னும் பின்னும் துடிக்கும், முன்னங்கால்கள் துண்டைப் பிசையும். காது துடிக்கிறது என்றால் விழுங்குகிறது. காது நின்றுவிட்டால் நீங்களும் அழுத்துவதை நிறுத்துங்கள். அது உறிஞ்சும் வேகத்துக்குத்தான் பால் போக வேண்டும், நம் கட்டைவிரல் வேகத்துக்கு அல்ல.

100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 4 மி.லி. வரைதான் வயிறு தாங்கும். முதல் நாள் அதைவிடக் குறைவாகவே கொடுங்கள். முதல் வாரத்தில் இரண்டிலிருந்து மூன்று மணிக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்து. இரண்டாம் வாரம் மூன்று, நான்கு மணிக்கு ஒரு முறை. வீட்டில் இரண்டு பேராவது முறை வைத்துக்கொண்டு செய்தால்தான் நடக்கும். ஒருவர் மட்டும் தூக்கம் விழித்துச் செய்தால் மூன்றாம் நாள் கை தளர்ந்துவிடும்.

மூக்கு வழியாகப் பால் வந்தது. என்ன செய்வது?

உடனே நிறுத்தி, தலையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, மூக்கைத் துடையுங்கள். அன்று முழுக்க மூச்சைக் கவனியுங்கள். களக் களக் என்று சத்தமோ, வாயைத் திறந்து மூச்சு வாங்குவதோ இருந்தால் நிமோனியா ஆகியிருக்கலாம். மருந்து மருத்துவர் தர வேண்டும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு துளிகூடக் கூடாது.

குட்டி ஒன்றுக்கே போகவில்லை.

தானாகப் போகாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். மூன்று வாரம் ஆகும் வரை ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் வாலுக்கு அடியில் மெதுவாக ஒத்தி ஒத்தி எடுங்கள். தேய்த்தால் புண்ணாகும். சிறுநீர் ஒவ்வொரு முறையும் வரும். மலம் நாளைக்கு ஒன்றிரண்டு முறை, மஞ்சளாகக் குழைவாக இருப்பது சரி.

எறும்பு மொய்க்கிறது. எறும்பு மருந்து போடலாமா?

நம் வீடுகளில் பிறந்த குட்டிக்கு எறும்பு பெரிய எதிரி. ஈரத்துக்கும் பால் வாடைக்கும் வரும், கண் மூடிய குட்டியால் நகர்ந்து தப்பிக்க முடியாது. குட்டியை ஈரமான வெதுவெதுப்புத் துணியால் துடைத்து, கண், காது, தொப்புள், வாலடி எல்லாம் ஒவ்வொன்றாகப் பாருங்கள். உடனே உலர்த்துங்கள்.

மருந்துப் பொடியும் எறும்பு சாக்பீஸும் வேண்டாம். அவற்றில் பொதுவாக இருக்கும் பைரெத்ராய்டு வகை நஞ்சைப் பூனையின் ஈரலால் எளிதில் முறிக்க முடியாது. தாய் அதில் மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கினாலும் ஆபத்து. ஒரு ஸ்டூலின் மேல் பெட்டியை வைத்து, ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். சமையலறை அலமாரிக்குப் பாட்டிகள் செய்த அதே ஏற்பாடு. தாய் வந்து போகும் பெட்டி என்றால் அது ஏறிக் குதிக்கும் உயரத்தில், ஆடாத ஸ்டூலாக இருக்கட்டும். தரையை வெறும் தண்ணீரால் துடையுங்கள். பினாயில், டெட்டால், யூக்கலிப்டஸ் தைலம் எதுவும் குட்டி இருக்கும் அறையில் வேண்டாம்.

உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. குளிப்பாட்டலாமா?

முழுக்கக் குளிப்பாட்டினால் சூடு போய்விடும். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் அந்தப் பூச்சியைப் போடுங்கள். நாய்க்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தது பூனைக்கு உயிர் போகும் விஷயம். ஈறு வெளுத்திருந்தால் பூச்சி நிறைய ரத்தம் குடித்துவிட்டது, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. பூனையே ஆகாது என்கிறார்களே?

பயத்துக்குக் காரணம் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பயம் நியாயமானது, ஆனால் அது பரவும் வழியைத் தெரிந்துகொண்டால் வீட்டில் சண்டை வராது. எலி, பறவை, பச்சை இறைச்சி தின்னும் பூனைக்கு இது தொற்றும். தொற்றிய பிறகு ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை அதன் மலத்தில் வெளியேறும். அந்த மலம் வெளியே கிடந்து ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆன பிறகுதான் மற்றவருக்குத் தொற்றும் நிலைக்கு வரும். பால் மட்டும் குடிக்கும் குட்டியால் வரும் ஆபத்து மிகக் குறைவு. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் இவற்றிலிருந்தும் அது வரலாம், அங்கேயும் கவனம் தேவை. கர்ப்பிணி மலம் அள்ளும் வேலையைச் செய்ய வேண்டாம், வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். தன் மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும்.

குட்டியை எடுக்கப்போய் தாய்ப்பூனை கையில் பிறாண்டிவிட்டது.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். ரேபிஸ் வந்துவிட்டால் ஏறக்குறைய பிழைப்பே கிடையாது.

எங்களால் முடியாது. மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

பிழைக்காது. கண் திறக்காத குட்டி மீன் தின்னாது. அங்கே நாயும் காக்கையும் இருக்கும். பட்டினியால் துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரியது.

முடியாது என்று சொல்வதில் தவறில்லை. இரண்டு மணிக்கொரு முறை எழுந்திருக்க எல்லா வீட்டிலும் ஆள் இருக்காது. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு அந்த நிலையே வராது. தாய் இருக்கிறது என்றால் அந்த மூலையை அதற்கு இரண்டு மாதம் விட்டுக்கொடுத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அது வேண்டாம் என்றால் பெட்டியை வீட்டுக்கு வெளியே, மழையும் வெயிலும் படாத திண்ணைக்கோ மாடிப்படிக்குக் கீழோ, தாய் பார்க்கும்படி நகர்த்தலாம்.

எந்த மருத்துவரிடம் போவது?

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டலாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. போகும் வழியிலும் வெந்நீர் பாட்டில் கூடவே இருக்கட்டும். விலங்கு நல அமைப்புக்குத் தருவதாக இருந்தால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். பால்குடிக் குட்டிக்குத் தேவைப்படும் ஆள் பலம் அங்கே அன்றைக்கு இல்லாமல் போகலாம். வளர்ந்த பூனைகளோடு சேர்த்து வைத்தால் நோய்த்தொற்றும் எளிதில் வரும்.

எப்போது வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம்?

எட்டு வாரத்துக்கு முன்னால் வேண்டாம். நான்காம் வாரத்திலிருந்து பாலில் குழைத்த குட்டி உணவு கொடுத்துப் பழக்குங்கள். குடற்புழு மருந்து எடையைப் பார்த்து மருத்துவர் தருவார். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கையும் குரலும் பழகிய குட்டிதான் பிற்பாடு மடியில் வந்து படுக்கும். தாய் இருந்தாலும் அந்த நாட்களில் தினம் கொஞ்ச நேரம் கையில் எடுங்கள். வாங்க வருபவர் வீட்டு ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

மறுபடி இதே பூனை வந்து குட்டி போடாமல் இருக்க என்ன வழி?

விரட்டினால் பக்கத்து வீட்டில் போடும். கருத்தடைதான் வழி. பூனையின் கர்ப்பகாலம் ஒன்பது வாரம்தான், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்பிடிக்கவும் கூடும். பெண் குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடலாம். குட்டிகள் எட்டு வாரம் ஆகி, பால் மறந்ததும் தாயைப் பிடிக்க ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சோறு வைத்துப் பழக்கியிருந்தால் கூண்டில் பிடிப்பது சுலபம். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியைச் சற்று வெட்டச் சொல்லுங்கள், அடுத்த தெருக்காரர் மறுபடி பிடித்துப் போகாமல் இருக்கும். மயக்கம் முழுதும் தெளிந்து, தையலைப் பார்த்த மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பிடித்த இடத்திலேயே விடுங்கள்.